காது நரம்புக் கட்டி: காத்திருக்கலாமா, கரண்ட் வைக்கலாமா, ஆபரேஷனா?

ஒரு காது மட்டும் மந்தமாகி, அதே பக்கம் ஓயாத இரைச்சலும் சேர்ந்து, எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘வெஸ்டிபுலர் ஷ்வானோமா’ என்று எழுதி வந்திருக்கிறதா? முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இது புற்றுநோய் அல்ல. காதிலிருந்து மூளைக்குப் போகும் எட்டாவது நரம்பில், உடம்பின் சமநிலையைக் கவனிக்கும் இழையின் உறையில் வளரும் சாதுவான கட்டி. பழைய டாக்டர்கள் அக்கூஸ்டிக் நியூரோமா என்பார்கள். வேறெங்கும் பரவாது. ஆனால் இருக்கும் இடம் மோசம். கேட்கும் நரம்பும் முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பும் அதே குறுகிய எலும்புக் குழாய்க்குள்தான் ஓடுகின்றன. அதைத் தாண்டினால் மூளைத்தண்டு.

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயியான என் சித்தப்பாவுக்கு வலது காதில் இது இருப்பது தெரிந்தபோது, கீழே கோயம்புத்தூரில் ஒன்றுக்கு மேற்பட்ட டாக்டர்களைப் பார்த்தோம். ஒருவர் “இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம்” என்றார். ஒருவர் “கதிர்வீச்சு கொடுத்துவிடலாம்” என்றார், ஊர்ப் பேச்சில் கரண்ட் வைப்பது. இன்னொருவர் “எடுத்துவிடுவது நல்லது” என்றார். யாரை நம்புவது என்று வீட்டில் ஒரே குழப்பம். பிறகு படித்தும் கேட்டும் புரிந்தது இதுதான்: இந்த மூன்று வழிகளும் ஒரே நோயாளிக்காகப் போட்டி போடுபவை அல்ல. கட்டி எவ்வளவு பெரியது, வளர்கிறதா, காதில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, வயது என்ன என்பதைப் பொறுத்துப் பெரும்பாலும் ஒரு வழியாவது தானே விலகிவிடும். மிஞ்சுவதில்தான் தேர்வு.

அளவில் தொடங்குவோம். கட்டி 3 சென்டிமீட்டரைத் தாண்டி மூளைத்தண்டை அழுத்துகிறது என்றால் மேற்கொண்டு ஒப்பிட ஒன்றுமில்லை, ஆபரேஷன்தான். கதிர் கொடுத்தால் கட்டி குறைவதற்கு முன் கொஞ்ச காலம் வீங்கும். ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் மூளைத்தண்டுக்கு அந்த வீக்கம் ஆகாது. தலைக்குள் நீர் தேங்கி, தலைவலியும் வாந்தியும் நடைத் தடுமாற்றமும் வந்துவிட்டவர்களுக்கும் இதே பதில். “கத்தியே வேண்டாம், கரண்ட் போதும்” என்று அவர்கள் ஊர் ஊராக அலைவது ஆபத்து.

உண்மையான குழப்பம் சிறிய, நடுத்தரக் கட்டிகளில்தான். 2 சென்டிமீட்டருக்குள், அழுத்தம் இல்லை, ஆள் எழுந்து நடமாடுகிறார். இன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுபவற்றில் கணிசமானவை இப்படிப்பட்டவை. எம்.ஆர்.ஐ. பரவலானதன் பலன் அது.

மலையில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. தேயிலை ஃபேக்டரியில் இலையை நறுக்கிச் சுருட்டும் சி.டி.சி. ரோலர் பக்கத்தில் வருஷக்கணக்கில் நின்றவர்கள், காது மந்தமானால் மெஷின் சத்தத்தின் மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். சத்தத்தால் வரும் கேடு பெரும்பாலும் இரண்டு காதையும் சேர்த்தே பிடிக்கும். ஒரு காது மட்டும் பின்தங்கினால் அது வேறு விஷயம். சித்தப்பா இலை விலை கேட்க ஃபேக்டரிக்குப் போன் போடும்போது வலது காதில் வைத்தால் குரல் கேட்கிறது, வார்த்தை பிடிபடவில்லை என்று எப்போதோ இடது காதுக்கு மாறியிருக்கிறார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சத்தம் கேட்டும் சொல் விளங்காமல் போவது இந்தக் கட்டியின் குணம். ஆடியோகிராம் என்ற காது கேட்கும் சோதனை எடுக்கும்போது சத்த அளவை மட்டும் பார்க்காமல், சொல் விளங்கும் சதவீதத்தையும் கேட்டு வாங்குங்கள். பின்னால் முடிவெடுக்க அந்த எண் மிகவும் உதவும்.

சரி, காத்திருப்பது. இதை ‘ஒன்றும் செய்யாமல் விடுவது’ என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். தலைக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா என்று சித்திக்குக் கோபமே வந்தது. ஆனால் இதற்குப் பின்னால் வலுவான கணக்கு இருக்கிறது. இந்தக் கட்டிகள் சராசரியாக வருஷத்துக்கு ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் வளர்பவை. பல கட்டிகள் வளர்வதே இல்லை. டென்மார்க்கில் 552 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியான ஆய்வில், எலும்புக் குழாய்க்குள்ளேயே இருந்த கட்டிகளில் 17 சதவீதமும், வெளியே எட்டிப் பார்த்தவற்றில் 29 சதவீதமும்தான் வளர்ந்தன. வளர்ந்தவையும் முதல் 5 ஆண்டுகளுக்குள் வளர்ந்தவை.

அதைவிட முக்கியமானது நார்வேயில் நடந்த ஒரு ஆய்வு. 2 சென்டிமீட்டருக்குள் கட்டி இருந்த 100 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 50 பேருக்கு உடனே கதிர்வீச்சு. மற்ற 50 பேருக்கு ஸ்கேன் மட்டும், வளர்ந்தால் அப்போது சிகிச்சை. 4 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, உடனே கதிர் வாங்கியவர்களின் கட்டி சிறியதாக இருந்தது. கேட்கும் திறனிலும் தலைசுற்றலிலும் அன்றாட வாழ்க்கையிலும் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. காத்திருந்தவர்களில் 21 பேருக்குக் கட்டி வளர்ந்து கதிர் கொடுக்க வேண்டிவந்தது, ஒருவருக்கு ஆபரேஷன். 28 பேருக்கு எந்தச் சிகிச்சையும் தேவைப்படவில்லை. 2023-இல் வந்த முடிவு இது. இதைப் படித்த பிறகு, சிறிய கட்டியோடு வருபவரை முதல் நாளே மெஷினுக்குள் அனுப்ப அவசரப்படுத்துபவர்களை எனக்குக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்க்கத் தோன்றுகிறது.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. கட்டி வளராவிட்டாலும் காது மெல்ல மெல்லக் குறையலாம். சிலருக்கு ஒரே நாளில் சட்டென்று போய்விடுகிறது. ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன், பிறகு வருஷத்துக்கு ஒன்று, அப்புறம் இடைவெளியைக் கூட்டி என்று ஆயுசுக்கும் தொடர வேண்டும். வளரவில்லை என்று நாலு வருஷம் கழித்து விட்டுவிடுகிறவர்களுக்கு இந்த வழி பொருந்தாது.

அடுத்தது கரண்ட் வைப்பது. ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் இது, புற்றுநோய்க்கு வாரக்கணக்கில் தினமும் போய்ப் படுத்துவரும் கதிர்வீச்சு மாதிரி அல்ல. ஸ்வீடன் நாட்டு நரம்பியல் அறுவை நிபுணர் லார்ஸ் லெக்ஸல் 1951-இல் முன்வைத்த யோசனை இது: பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் சந்திக்க வைப்பது. பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்துத் தாளைக் கருக்குவதுபோல, வழியில் இருக்கும் மூளைக்குச் சொற்பக் கதிர், சந்திக்கும் இடத்தில் மட்டும் பலமான கதிர். 1960-களின் கடைசியில் ஸ்டாக்ஹோமில் இந்த யோசனைப்படி அவர் செய்த காமா நைஃப் என்ற மெஷின் வேலைக்கு வந்தது. 1969-லேயே இந்தக் காது நரம்புக் கட்டிக்கு அதைப் பயன்படுத்தியிருக்கிறார். ஆக, இது நேற்று வந்த சோதனை முயற்சி அல்ல.

இப்போதைய காமா நைஃபில் கதிரை வெளிவிடும் 192 கோபால்ட்-60 மூலங்கள் தலையைச் சுற்றி அமைந்திருக்கும். காலையில் மரத்துப்போகும் ஊசி போட்டு, நெற்றியிலும் பின்மண்டையிலுமாக நான்கு திருகுகளால் ஒரு ஃப்ரேமைப் பொருத்துவார்கள். திருகு முடுக்கும் அந்தச் சில நிமிஷம்தான் கஷ்டம். தலையை யாரோ இறுக்கிப் பிடிப்பது மாதிரி இருந்தது என்றார் சித்தப்பா. அந்த ஃப்ரேமோடு எம்.ஆர்.ஐ., பிறகு கம்ப்யூட்டரில் திட்டமிடல், பிறகு மெஷின். வலி இல்லை, மயக்கம் கொடுப்பதில்லை. கோபால்ட்டின் வீரியம் சுமார் 5¼ ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும் என்பதால், மூலங்கள் பழசாக இருந்தால் படுத்திருக்கும் நேரம் கூடும், அவ்வளவுதான். அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

“கரண்ட் வெச்சா கட்டி கரைஞ்சிருமாங்க டாக்டர்?” என்று சித்தப்பா கேட்டார்.

“கரையாதுங்க ஐயா. வளராம நிக்கும். பல பேருக்குக் கொஞ்சம் சுருங்கும். நமக்கு அது போதும்.”

இந்தப் பதிலைச் செரித்துக்கொள்ள முடியாதவர்கள் கதிர்வீச்சைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் கருத்து. கட்டி உள்ளேயேதான் இருக்கும். பத்து ஆண்டுகளில் நூற்றுக்கு 90 முதல் 95 பேருக்கு வேறு சிகிச்சை தேவைப்படாதபடி அது அடங்கிவிடுகிறது. மீதிப் பேருக்கு மறுபடி கதிரோ ஆபரேஷனோ வரலாம். கதிர் பட்ட கட்டியை எடுப்பது கடினம். முக நரம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அறுவை நிபுணர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கதிர் கொடுத்து ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருஷத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் கட்டி முன்பைவிடப் பெரிதாகத் தெரியலாம். உள்ளே செல்கள் சாகும்போது வரும் வீக்கம் அது. அந்தக் காலத்தில் தள்ளாட்டமும் கன்னத்தில் மரத்த உணர்வும் கூடலாம். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறி, “கரண்ட் வேலை செய்யவில்லை” என்று ஆபரேஷனுக்கு ஓடியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு, மூன்று வருஷ ஸ்கேன்களை வரிசையாக வைத்துப் பார்க்காமல் தோல்வி என்று சொல்லக் கூடாது. புதிதாகத் தலைவலி, நடைத் தடுமாற்றம், சிறுநீர் அடக்க முடியாமை என்று சேர்ந்து வந்தால் மட்டும் காத்திருக்காமல் போக வேண்டும். நீர் தேக்கமாக இருக்கலாம்.

கதிர்வீச்சு தெளிவாக ஜெயிக்கும் இடம் முகம். ஆரம்ப காலத்தில் அதிக டோஸ் கொடுத்தார்கள், முகம் கோணியவர்கள் இருந்தார்கள். ஊரில் உலவும் பயமுறுத்தல்களில் பாதி அந்தக் காலத்துக் கதை. 1990-களில் டோஸைக் குறைத்து, இப்போது கட்டியின் விளிம்பில் 12, 13 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த அளவில் முக நரம்புக்கு நிரந்தரச் சேதம் நூற்றுக்கு ஓரிருவருக்குத்தான். கதிரால் கட்டி புற்றாக மாறுவது மிக மிக அரிது. அரிது என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. முப்பது வயதுக்காரர் இன்னும் ஐம்பது வருஷம் வாழ வேண்டியவர் என்பதால், இளைஞர்களிடம் இதைச் சில டாக்டர்கள் கூடுதலாகப் பேசுவார்கள். அறுபது தாண்டியவர் இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சித்தியின் கவலை வேறு. பேரப்பிள்ளையைத் தூக்கலாமா, தனித் தட்டு வைக்க வேண்டுமா என்று கேட்டார். மெஷினை விட்டு வெளியே வந்தபிறகு உடம்பில் கதிர் எதுவும் தங்காது. வந்த அன்றே தூக்கலாம்.

காதைப் பொறுத்தவரை யாரும் ஜெயிப்பதில்லை என்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். நல்ல கேட்கும் திறனோடு கதிர் வாங்கியவர்களில் ஐந்து ஆண்டில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது பயன்படும் நிலையில் இருக்கிறது. பத்து ஆண்டில் நாலில் ஒருவர், மூன்றில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. உள்காதில் நத்தைக்கூடு போன்ற உறுப்புக்கு 4 கிரேக்கு மேல் போகாமல் திட்டமிடுவார்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், தப்பில்லை. “காதைக் காப்பாற்றத்தான் கதிர்” என்று யாராவது சொன்னால் முழுதாக நம்ப வேண்டாம்.

மெஷின் பெயருக்காகச் சண்டை போடுவதிலும் அர்த்தமில்லை. சைபர்நைஃபில் ரோபோக் கை கதிரைச் சுமந்து சுற்றும், ஃப்ரேமுக்குப் பதில் முகத்தில் ஒரு வலை மாஸ்க், 3 அல்லது 5 தடவையாகப் பிரித்துக் கொடுப்பார்கள். வழக்கமான கதிர்வீச்சுக்குப் பயன்படும் சாதாரண லினாக் மெஷினிலேயே குறுகிய கதிர் வசதியோடு செய்யும் இடங்களும் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் காமா நைஃப் இருக்கிறது. சென்னை அப்போலோவுக்கு 2009-இல் சைபர்நைஃப் வந்தது. இந்தக் கட்டிக்குப் பலன் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான். மெஷினைவிட, அங்கே இந்தக் கட்டியை மாதத்தில் எத்தனை பார்க்கிறார்கள் என்பது பெரிய கேள்வி. நீலகிரியிலிருந்து பெங்களூரு போகிறவர்கள் பந்திப்பூர் வழியாகக் கிளம்பினால், இரவு 9 முதல் காலை 6 வரை காட்டுச் சாலை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்து முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள்.

இனி ஆபரேஷன். இதன் பெரிய ஆறுதல், கட்டி வெளியே வந்துவிடும். இதுதான் என்று திசுவைச் சோதித்தும் உறுதி செய்துவிடலாம். காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து உள்காது வழியாகப் போனால் முக நரம்பு நன்றாகக் கண்ணில் படும், ஆனால் அந்தக் காது அதோடு முடிந்தது. பின்மண்டை வழியாகப் போனால், சிறிய கட்டியாக இருந்தால், காதைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. பல மணி நேர ஆபரேஷன், மருத்துவமனையில் சில நாள், தோட்டத்து வேலைக்குத் திரும்ப இரண்டு, மூன்று மாதம். முதல் சில நாள் உலகமே சுற்றும். முகம் கோணும் அபாயம் கட்டியின் அளவோடு கூடும். பெரிய கட்டியில் இப்போது பல நிபுணர்கள் முக நரம்போடு ஒட்டிய கொஞ்சத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு, அந்த மிச்சத்துக்குப் பிறகு கதிர் கொடுக்கிறார்கள். இதை அரைகுறை வேலை என்று நினைக்காதீர்கள். முகத்தைக் காப்பாற்றும் புத்திசாலித்தனம் அது.

ஆபரேஷன் முடிந்து மலை ஏறுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மூளையைச் சுற்றியுள்ள நீர் காயத்தின் வழியாகவோ மூக்கு வழியாகவோ கசியலாம். கோத்தகிரிக் குளிரில் மூக்கு ஒழுகாத ஆள் ஏது? அதனாலேயே இதைச் சளி என்று விட்டுவிடுவார்கள். குனியும்போது ஒரு பக்க மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரித் தெளிவாகச் சொட்டினால், அது சளி அல்ல என்று வைத்துக்கொண்டு அன்றைக்கே கீழே இறங்குங்கள். விட்டால் மூளைக்காய்ச்சல் வரலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரே மூச்சில் ஏறத்தாழ 1,500 மீட்டர் ஏறுவதால், தலைக்குள் காற்று தங்கியிருக்கிறதா, எப்போது மலை ஏறலாம் என்றும் டிஸ்சார்ஜ் அன்றே கேட்டுவிடுங்கள். கதிர் வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் காது அடைப்பதற்கும் கட்டிக்கும் சம்பந்தமில்லை.

சமவெளியில் இருப்பவர்களுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் சமநிலையில்தான் அதிகம். ஒரு பக்கச் சமநிலை நரம்பு கெட்டவர் கண்ணையும் பாதத்தையும் நம்பித்தான் நிற்கிறார். தார் ரோட்டில், பகலில், அவருக்குப் பெரிய பிரச்சினை தெரியாது. பனிமூட்டம் இறங்கிய காலையில் தேயிலைச் சரிவில், ஈர மண்ணில், இடுப்பளவு செடிக்குள் பாதம் தெரியாமல் நடக்கும்போது கண்ணும் உதவாது, காலும் உதவாது. மூன்று வழிகளில் எதை எடுத்தாலும் இந்தக் குறை முழுதாகப் போகாது. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் சமநிலைப் பயிற்சியை மாதக்கணக்கில் செய்தால்தான் மூளை பழகும். சித்தப்பா இருட்டில் தோட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார், கையில் ஒரு தடி வந்துவிட்டது.

ஒரு காது போனால் சத்தம் வரும் திசை தெரியாது. காட்டெருமை செடிக்குள் மூச்சுவிடுவது கேட்கும், எந்தப் பக்கம் என்று தெரியாது. வளைவில் ஹாரன் கேட்கும், மேலிருந்தா கீழிருந்தா என்று தெரியாது. கேட்காத காதில் வைத்து, சத்தத்தை நல்ல காதுக்கு அனுப்பும் கிராஸ் வகைக் கருவி பேச்சு கேட்க உதவும், திசையைத் தராது. ஆகவே காது ஓரளவு நன்றாக இருக்கும் மலைக்காரர், காது போவதை எவ்வளவு காலம் தள்ளிப்போட முடியும் என்று யோசிப்பது நியாயம். எனக்குத் தோன்றுவது: சிறிய கட்டி, நல்ல காது, வளர்ச்சி இன்னும் நிரூபணமாகவில்லை என்றால் காத்திருங்கள். வளர்கிறது என்று ஸ்கேன் காட்டினால், நடுத்தர அளவு வரை கதிர். பெரியது, அழுத்துகிறது என்றால் ஆபரேஷன். இளவயதில் சிறிய கட்டி வளர்கிறது, காதும் நன்றாக இருக்கிறது என்பவர்கள் மட்டும் கதிர், ஆபரேஷன் என இரண்டு தரப்பு டாக்டர்களையும் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். இரண்டு காதிலும் கட்டி என்றால் அது என்.எஃப்.2 என்ற பரம்பரை நோயாக இருக்கலாம். அதன் கணக்கே வேறு.

பணம் பற்றிச் சுருக்கமாக. தனியாரில் கதிரும் ஆபரேஷனும் லட்சங்களில்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்கு அது செல்லும் என்பதை அங்குள்ள காப்பீட்டு கவுன்ட்டரில் தேதி வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பிப் போய் அட்மிஷன் அன்று திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சித்தப்பா முதலில் காத்திருந்தார். அடுத்த வருஷ ஸ்கேனில் கட்டி 13 மில்லிமீட்டரிலிருந்து 16 ஆகியிருந்தது, கதிர் வாங்கிக்கொண்டார். இப்போது வருஷத்துக்கு ஒருமுறை அதே சென்டரில், அதே மாதிரி ஸ்கேன். இடம் மாறினால் அளவெடுக்கும் ஆளும் மாறுவார், ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் அதிலேயே வந்துவிடும். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கையும் கேட்டு வாங்கி, தேதி எழுதி, பழையவற்றோடு சேர்த்து எடுத்துப் போங்கள்.